இல்லத்தில் தீ: வருமுன் காப்போம்



தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, வழமைபோல மொழி பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதவே எண்ணினோம். எனினும், வகுப்பறையில் மாணவரோடு உரையாடியபோது கேட்ட ஒரு செய்தி எம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. "உங்கள் வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கின்றதா?" என்று ஒருநாள் வினவினோம். சிலர் 'ஆம்' என்றனர். சிலர் 'தெரியாது' என்றனர். ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டே, "அம்மா மிளகாய் வறுக்கும்போது அது கத்தும், சேர். அதனால் அப்பா கழற்றி வைத்துவிட்டார்" என்றான். வகுப்பே சிரித்தது. எம்மால் சிரிக்க இயலவில்லை. காரணம், எமது வீட்டிலும் ஒருகாலத்தில் அதுவே நிலைமை. ஆகவே இம்முறை இல்லத்தில் ஏற்படும் தீ பற்றியும், அதற்கு முன்னாயத்தமாக இருப்பது பற்றியும் எழுதத் துணிந்தோம்.

எமது வீட்டில் நிகழ்ந்தது

ஸ்தவாங்கருக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் சிறிய அடுக்குமாடி வீடொன்றில் வாழ்ந்தோம். கறிக்குத் தாளிதம் போட்டாலும் சாம்பிராணி இட்டாலும் கூரையிலிருந்த கருவி ஓலமிடும். அயலவர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தால் அதன் பற்றறியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டோம். பின்னர் அதை மறந்துவிட்டோம்.

சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் மாலை, வடை சுடுவதற்காக அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தோம். அவ்வேளை ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த அறைக்குச் சென்று பேசினோம். ஐந்து நிமிடம் சென்றிருக்கலாம். பத்து நிமிடமாகவும் இருக்கலாம். திரும்பி வந்தபோது சட்டியிலிருந்து தீ மேலெழுந்து நின்றது. பதற்றத்தில் குழாயைத் திறந்து ஒரு பாத்திரத்தில் நீரைப் பிடித்தோம். அக்கணத்தில் ஒன்பது வயதான எம் மகள், "அப்பா, தண்ணி ஊத்தாதேங்கோ! மூடி, மூடி!" என்று கத்தினாள். மனைவியார் ஓடிவந்து அடுப்பை நிறுத்திச் சட்டியைப் பெரிய மூடியால் மூடினார். தீ அடங்கியது. யன்னற் சீலையின் ஓரம் மட்டும் கருகியது.

எல்லாம் அமைதியடைந்த பின் மகள் கூரையை அண்ணாந்து பார்த்து, "அது ஏன் கத்தேல்லை, அப்பா?" என்று கேட்டாள். விடை கூற எமக்கு வாய் எழவில்லை. வன்னியில் எட்டாம் ஆண்டு மாணவருக்குத் தகனம் பற்றிய பாடத்தைப் பலமுறை நடத்தியவர் நாம். எரியும் எண்ணெயில் நீர் ஊற்றலாகாது என்பதைக் கரும்பலகையில் எழுதியவரும் நாமே. படித்தது வேறு, ஆயத்தமாக இருப்பது வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

தீ எவ்வாறு உண்டாகின்றது?

மாணவர்களே, தீ எரிவதற்கு மூன்று காரணிகள் வேண்டும். முதலாவது, எரியக்கூடிய பொருள். இரண்டாவது, வளியிலுள்ள ஒட்சிசன். மூன்றாவது, அப்பொருள் தீப்பற்றுவதற்குப் போதிய வெப்பம். இம்மூன்றில் எந்த ஒன்றை அகற்றினாலும் தீ அணையும். சட்டியை மூடும்போது ஒட்சிசன் தடைப்படுகின்றது. அடுப்பை நிறுத்தும்போது வெப்பம் குறைகின்றது. தீக்கு அருகிலுள்ள சீலையை முன்னரே அகற்றி வைத்தால் எரிபொருள் இல்லாது போகின்றது.

எரியும் எண்ணெயில் நீரை ஊற்றினால் நிகழ்வது என்ன? நீர் எண்ணெயை விடப் பாரமானது. ஆகவே அது அடியிற் சென்று, கொதிக்கும் எண்ணெயின் வெப்பத்தால் நொடிப்பொழுதில் நீராவியாகின்றது. நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 1700 மடங்காகப் பெருகும். அந்த ஆவி எரியும் எண்ணெயைத் துளித்துளியாக மேலே வீசுகின்றது. சட்டியளவான தீ கூரையளவாகின்றது. மூடிய சட்டியையும் உடனே திறந்து பார்க்கலாகாது. எண்ணெய் ஆறும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் பெருந்தவறு.

தீயிற் பலர் உயிரிழப்பது சுவாலையால் அன்று, புகையால் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. உறங்குபவரை அது எழுப்புவதில்லை; மேலும் ஆழ்ந்த மயக்கத்திலேயே ஆழ்த்துகின்றது. புகை மணத்தால் விழித்துக்கொள்வோம் என்று நம்பியிருப்பது பேதைமை. எமக்காக விழித்திருப்பது கூரையிலுள்ள அந்தச் சிறு கருவி ஒன்றே.

மரநகரில் வாழ்கின்றோம்

நாம் வாழும் இந்நகரம் தீயின் கொடுமையை நன்கறிந்த நகரம். துறைமுகத்திற்கு மேலே உள்ள குன்றில் நிற்கும் வால்பெர்க் கோபுரத்தை மாணவர் பலர் பார்த்திருப்பீர்கள். 1850ஆம் ஆண்டுக்கும் 1853ஆம் ஆண்டுக்கும் இடையிற் கட்டப்பட்ட அக்கோபுரத்திலிருந்து காவலர் நகரைக் கண்காணித்து, எங்கேனும் தீ தோன்றினால் மக்களை எச்சரிப்பர். அவ்வாறு காவல் இருந்தும், 1860ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூண்ட பெருந்தீயில் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வீடுகள் யாவும் மரத்தால் ஆனவை; ஒன்றோடொன்று நெருங்கி நின்றவை. இன்றும் பழைய ஸ்தவாங்கரின் ஒடுங்கிய தெருக்களில் வெண்ணிற மரவீடுகள் வரிசையாக நிற்பதைக் காண்கின்றோம்.

இந்நாட்டின் ஓலசுண்ட் நகரில் 1904ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் இரவு மூண்ட தீயில் ஏறத்தாழ 850 வீடுகள் எரிந்து, 10,000 மக்கள் கடுங்குளிரில் வீடிழந்தனர். அதன் பின்னரே நகர மையங்களில் கல்லாலும் செங்கல்லாலும் கட்ட வேண்டும் என்ற விதி வலுப்பெற்றது. அண்மையில், 2014ஆம் ஆண்டு ஜனவரியில், லார்டால் என்னும் ஊரில் பலத்த காற்றிற் பரவிய தீ ஓரிரவில் ஏறத்தாழ 40 கட்டடங்களை அழித்தது. வானொலியும் தொலைபேசியும் நிறைந்த காலத்திலும், மரவீடும் காற்றும் சேர்ந்தால் தீக்குக் கொண்டாட்டமே.

எம்மவர் வாழ்விலும் தீ

யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்சாரம் தடைப்பட்டு, மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரியதாயிருந்த காலத்தை இன்றைய பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டு, அந்த வெளிச்சத்தில்தான் எம் தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. ஆயினும், உயரமான மெல்லிய போத்தல்களிற் செய்த விளக்குகள் சரிந்து விழுந்து எரிகாயமுற்றவர்கள் இலங்கை முழுவதும் பலர். இதனைக் கண்டு வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992ஆம் ஆண்டளவில் 'சுதீப' என்னும் பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். அது குட்டையானது, தடித்த கண்ணாடியால் ஆனது. திருகு மூடி கொண்டமையால் எண்ணெய் சிந்தாது. பக்கங்கள் இரண்டு தட்டையாக இருப்பதால் சரிந்தாலும் உருளாது. இவ்வெளிய கண்டுபிடிப்புக்காக 1998ஆம் ஆண்டு அவருக்கு ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. எரிந்த பின் மருந்திடுவதிலும் எரியாமற் காப்பதே மேல் என ஒரு மருத்துவர் எண்ணியதன் பயன் அது.

தமிழகத்தின் கும்பகோணத்தில் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பள்ளியொன்றில் நிகழ்ந்த துயரையும் இங்கு நினைவுகூர வேண்டும். சத்துணவுச் சமையற்கூடத்தில் தோன்றிய தீ கூரைக் கீற்றிற் பற்றியது. வெளியேறும் வழி ஒடுங்கியதாக இருந்தமையால் 94 குழந்தைகள் மாண்டனர். அடுப்பும், எளிதில் எரியும் பொருளும், ஒடுங்கிய வழியும் ஓரிடத்திற் சேரலாகாது என்பதே அக்குழந்தைகள் எமக்கு விட்டுச்சென்ற பாடம்.

வீட்டில் இருக்க வேண்டியவை

நோர்வேயில் ஒவ்வொரு வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவியும் தீயணைக்கும் சாதனமும் இருக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டு முதல் விதியாக உள்ளது. வாடகை வீடாயின் அவற்றைத் தருவது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. அவற்றைச் சோதித்துப் பேணுவது அங்கு வாழும் எமது பொறுப்பு. இல்லையெனில் கேட்டுப் பெறுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. அது சலுகையன்று, உரிமை.

புகைக் கருவி ஒவ்வொரு மாடியிலும் ஒன்றேனும் வேண்டும். படுக்கையறைக் கதவு மூடியிருக்கும்போதும் அதன் ஒலி உள்ளே தெளிவாகக் கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். எட்டு முதல் பத்து ஆண்டுகளில் கருவியையே மாற்ற வேண்டும். தாளிதப் புகைக்குக் கத்துகின்றது என்றால், கழற்றுவது தீர்வாகாது. அதனை அடுப்பிலிருந்து தள்ளிப் பொருத்துக. சமையலறைக்குப் புகையை அன்றி வெப்பத்தை உணரும் கருவி கிடைக்கின்றது; அதனைப் பொருத்துக. மிளகாய் வறுக்கும்போது புகைபோக்கி விசிறியை இயக்கிச் சமையலறைக் கதவைச் சாத்துக.

தீயணைக்கும் சாதனமாக 6 கிலோ தூள் அணைப்பான் அல்லது 9 லீற்றர் நுரை அணைப்பான் அல்லது வீட்டின் எல்லா அறைகளையும் எட்டக்கூடிய நீர்க்குழாய் போதுமானது. தூள் அணைப்பானின் அளவைக் காட்டும் முள் பச்சைப் பகுதியில் நிற்கின்றதா என்று நாமே பார்க்கலாம். ஐந்தாண்டுக்கொருமுறை தகுதி வாய்ந்தவர் அதனைப் பரிசோதிக்க வேண்டும். அடுப்பு தானாக நிற்கும் காவற் கருவி 2010ஆம் ஆண்டுக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் இருக்கும். பழைய வீடுகளிலும் பொருத்தலாம். ஊரிலிருந்து வந்து எம்மோடு வாழும் முதிய தாய் தந்தையர் சமைக்கும் வீடுகளுக்கு இது மிக அவசியமானது.

மின்சாரமும் தீயின் பெரும் காரணங்களுள் ஒன்று. சலவை இயந்திரத்தையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் உறங்கும் நேரத்தில் இயக்கலாகாது. கைத்தொலைபேசியையும் மின்துவிச்சக்கர வண்டியையும் இரவில் மின்னேற்றுவதையும், படுக்கையிலோ வாசல் வழியிலோ வைத்து மின்னேற்றுவதையும் தவிர்க்க வேண்டும். விறகு அடுப்பு உள்ள வீடுகளில் சாம்பலை மூடியுள்ள உலோகப் பாத்திரத்திலிட்டு வெளியே வைக்க வேண்டும். புகைபோக்கி துப்புரவாளர் வருவதாகக் கடிதம் வந்தால் ஒதுக்கிவிடாமல், பிள்ளைகளைக்கொண்டேனும் வாசித்து அறிந்துகொள்க.

2024ஆம் ஆண்டு அரசின் அனர்த்தப் பாதுகாப்புப் பணியகம் இல்லந்தோறும் அனுப்பிய கையேட்டைப் பார்த்து, ஒரு வாரத்திற்கான உணவும் நீரும் சேர்த்து வைத்தோர் பலர். மெழுகுதிரியும் எரிவாயு அடுப்பும் அத்துடன் வாங்கப்பட்டிருக்கும். அவற்றை எங்கு வைப்பது, எவ்வாறு அணைப்பது என்பதையும் சேர்த்தே ஆயத்தம் செய்தல் வேண்டும்.

பதுங்குகுழிப் பாடமும் தீயின் பாடமும்

பெற்றோர்களே, இனிக் கூறுவதே இக்கட்டுரையின் மையப் பொருள். போரினூடாக வந்த எமக்குச் சில பாடங்கள் உடம்போடு ஊறியுள்ளன. விமான ஒலி கேட்டால் பதுங்குகுழிக்குள் ஒளிய வேண்டும். இடம்பெயர நேர்ந்தால் ஆவணப் பையை முதலில் எடுக்க வேண்டும். அந்தப் பை எப்பொழுதும் வாசலருகே ஆயத்தமாகத் தொங்கும். எமக்கும் அவ்வாறு ஒரு பை இருந்தது. பிறப்பத்தாட்சிப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றைச் சுமந்தே முகாமுக்குச் சென்றோம். அவை இன்றி எம்மை யார் என்று நிறுவ இயலாது போயிருக்கும்.

தீயின் பாடமோ இதற்கு நேர்மாறானது. தீயில் ஒளியலாகாது. எதையும் எடுக்கலாகாது. புகை ஒரு வீட்டை நிரப்புவதற்குச் சில நிமிடங்களே போதும். பையைத் தேடிய ஒரு நிமிடம் உயிரின் விலையாகலாம். கட்டிலுக்கடியிலும் அலுமாரிக்குள்ளும் ஒளிந்த பிள்ளைகளைப் புகைக்குள் கண்டுபிடிப்பது தீயணைப்பு வீரருக்கும் அரிது. "ஒளியாதே, வெளியே வா" என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் பலமுறை சொல்லிக்கொடுங்கள்.

அப்படியாயின் ஆவணங்களை எவ்வாறு காப்பது? தீ வருமுன்னரே காக்க வேண்டும். முக்கிய பத்திரங்களைப் படம்பிடித்துக் கணினியிலும், வேறு நகரில் வாழும் உறவினரிடமும் ஒவ்வொரு பிரதி வைத்தால் பையைத் தேட வேண்டிய தேவை எழாது. ஊரிலிருந்து எடுத்துவந்த பெற்றோரின் பழைய நிழற்படங்களையும் இவ்வாறே செய்க. வீட்டுப் பொருட்களுக்குக் காப்புறுதி எடுப்பதும் இன்றியமையாதது. வீட்டுச் சொந்தக்காரரின் காப்புறுதி கட்டடத்திற்கே உரியது. வாடகைக்கு இருப்பவரின் பொருட்களுக்கு உரியதன்று.

வெளியேறும் திட்டம்

ஒரு சனிக்கிழமை மாலை குடும்பத்தவர் அனைவரும் கூடி வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வோர் அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழிகளைக் குறியுங்கள். எந்தப் பிள்ளையை யார் எழுப்புவது, அம்மம்மாவுக்கு யார் கை கொடுப்பது என்பதை முடிவு செய்யுங்கள். சிறுவர் ஆழ்ந்து உறங்குபவர். கருவியின் ஒலிக்கு அவர்கள் விழிக்காது விடக்கூடும். ஆகவே எழுப்புவது பெரியவர் கடமை. வெளியே அனைவரும் கூடும் இடமொன்றைத் தெரிவு செய்து, பின்னர் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

இந்நாட்டுப் பள்ளிகளில் மூன்று சொற்களைக் கற்பிப்பர்: காப்பாற்று, அறிவி, அணை. முதலில் வீட்டிலுள்ளோரை வெளியேற்றுக. அடுத்து 110 என்னும் இலக்கத்தை அழைத்திடுக. பொலிசாருக்கு 112, மருத்துவ உதவிக்கு 113, தீக்கு 110. உங்களுக்கு ஆபத்தில்லை எனில் மட்டுமே அணைக்க முயல்க. வெளியேறும்போது கதவுகளை மூடிச் செல்க. மூடிய கதவு புகையையும் தீயையும் தாமதப்படுத்தும். புகை நிறைந்திருந்தால் தரையோடு தவழ்ந்து செல்க. மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. அடுக்குமாடியின் படிக்கட்டு முழுவதும் புகை நிறைந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்து கதவை மூடி, இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, 110ஐ அழைத்து, யன்னலில் நின்று உங்களைக் காட்டுங்கள். வெளியேறிய பின் எக்காரணங்கொண்டும் மீண்டும் உள்ளே செல்லலாகாது.

நோர்வேஜிய மொழி நன்கு வராத பெற்றோரும் தாத்தா பாட்டியரும் இரண்டை மட்டும் மனனம் செய்தாற் போதும். ஒன்று, 'எரிகின்றது' எனப் பொருள்படும் 'டே பிரென்னர்' என்னும் தொடர். மற்றொன்று, தம் வீட்டின் தெருப் பெயரும் இலக்கமும் மாடியும். இவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

செல்வங்களே, 'பியோர்னிஸ்' என்னும் தீயணைப்புக் கரடியை உங்களுட் பலர் அறிவீர்கள். செப்டெம்பர் மாதத்தில் தீயணைப்பு நிலையங்கள் மக்களுக்காகத் திறந்து வைக்கப்படும் நாளில் பெற்றோரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பள்ளியிற் கற்றதை வீட்டிற் சொல்லத் தயங்காதீர்கள். பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணி வாளாவிருக்க வேண்டாம். அன்று எம் மகள் வாளாவிருந்திருந்தால் இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருக்க மாட்டோம்.

வருமுன் காவாதவனின் வாழ்வை நெருப்பின் முன் வைத்த வைக்கோற் போருக்கு வள்ளுவர் ஒப்பிட்டதை மேல்வகுப்பு மாணவர் படித்திருப்பீர்கள். அக்குறளை மனனம் செய்வதோடு நில்லாமல், அதன்படி ஒழுகுவதே தமிழ் கற்றதன் பயன். நோர்வேயில் டிசம்பர் முதலாம் நாளைப் புகை எச்சரிக்கைக் கருவியின் நாளாகக் கொண்டு, அன்று பற்றறியை மாற்றுமாறு கூறுவர். எமது கார்த்திகை விளக்கீடும் அதனை அண்டியே வருகின்றது. இனிமேல் ஆண்டுதோறும் விளக்கீட்டு மாலையில், முதற் சுடரை ஏற்றுமுன் கூரையிலுள்ள கருவியின் பொத்தானை அழுத்திப் பார்ப்பதை எம் இல்லங்களின் வழக்கமாக்குவோம். எமது வீட்டில் இப்பணி மகளுக்கு உரியது. கதிரை மீது ஏறி நின்று அவள் பொத்தானை அழுத்த, கருவி ஓலமிடும். காதைப் பொத்திக்கொண்டு அனைவரும் நிற்போம். அதன் பின்னரே விளக்கேற்றுகின்றோம்.